எக்ஸெல் பைலில் படங்கள் மங்காமல் இருக்க

எக்ஸெல் என்றவுடன் கூட்டல், கழித்தல், பார்முலா, சார்ட் ஆகியவையே நம் நினைவிற்கு வரும். ஆனால் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பலர், படங்களுடன் கூடிய பட்டியல்களைத் தயாரிக்கவும் இதனைப் பயன்படுத்துகின்றனர். வீட்டிலிருந்தே சேலை விற்பனை செய்பவர், ஒவ்வொரு சேலையின் போட்டோவையும் அதன் எண், விலை, நிறம் ஆகியவற்றிற்கு அருகிலேயே வைத்துக் கொள்கிறார். பிரிட்ஜ், வாஷிங் மெஷின் வாங்கிய பில்களை ஸ்கேன் செய்து, வாரண்டி முடியும் தேதியுடன் ஒரே ஷீட்டில் வைப்பவர்கள் உண்டு. பழைய குடும்பப் போட்டோக்களை, அதில் இருப்பவர்களின் பெயர், எடுத்த ஆண்டு என வரிசைப்படுத்தி வைப்பவர்களும் உண்டு. கட்டம் கட்டமாக செல்கள் இருப்பதால், இது போன்ற வேலைகளுக்கு எக்ஸெல் வசதியாகவே உள்ளது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. போட்டோவை இணைத்த அன்று அது பளிச்சென்று தெரியும். பைலை சேவ் செய்து மூடிவிட்டு, ஒரு மாதம் கழித்துத் திறந்து, சேலையின் பார்டர் டிசைனைப் பார்க்கலாம் என்று படத்தின் மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கினால், ஜரிகை வேலைப்பாடு எல்லாம் கரைந்து போய்க் கட்டம் கட்டமாகத் தெரியும். பில் என்றால், கடையின் பெயர் மட்டும் தெரியும். சீரியல் எண்ணைப் படிக்க முடியாது. "அதுதான் எக்ஸெல்லில் இருக்கிறதே" என்ற நம்பிக்கையில் போனில் இருந்த போட்டோவை அழித்திருந்தால், அந்தப் படம் போனது போனதுதான்.

இது வைரஸ் வேலையும் அல்ல, மானிட்டர் கோளாறும் அல்ல. பைலை சேவ் செய்திடும்போது எக்ஸெல் தானாகவே செய்கின்ற ஒரு வேலை இது. பைலின் அளவு பெரிதாகிவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்கிறது. ஆனால் அதனை நம்மிடம் கேட்டுச் செய்வதில்லை.

பிக்ஸல் கணக்கு

எந்த ஒரு டிஜிட்டல் படமும் சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆனது. இவற்றை பிக்ஸல் என்கிறோம். 12 மெகா பிக்ஸல் கேமரா உள்ள போனில் எடுத்த ஒரு போட்டோ, பெரும்பாலும் அகலத்தில் 4000, உயரத்தில் 3000 பிக்ஸல்கள் கொண்டதாக இருக்கும். பெருக்கினால் மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள்.

இந்தப் படத்தை எக்ஸெல் ஷீட்டில் இணைத்து, செல்லுக்குள் அடங்கும்படி 2 அங்குல அகலத்திற்குச் சுருக்குகிறீர்கள். இப்போது திரையில் சிறியதாகத் தெரிந்தாலும், உள்ளே 1 கோடியே 20 லட்சம் புள்ளிகளும் அப்படியே உள்ளன. சேவ் செய்திடும்போதுதான் எக்ஸெல் தன் கணக்கைப் போடுகிறது. ஓர் அங்குலத்திற்கு எத்தனை பிக்ஸல் வேண்டும் என்று அதற்கு ஓர் அளவு தரப்பட்டிருக்கும். இதனை பி.பி.ஐ. என்று குறிப்பிடுகின்றனர். பல கம்ப்யூட்டர்களில் இது 220 என இருக்கும். 2 அங்குல அகலத்திற்கு 440 பிக்ஸல் போதும், அதற்கேற்ற உயரத்திற்கு 330 போதும் என முடிவு செய்து, மீதி அனைத்தையும் நீக்கிவிடுகிறது. 440ஐ 330ஆல் பெருக்கிப் பாருங்கள். 1,45,200 புள்ளிகள்தான். முன்பு இருந்ததில் எண்பதில் ஒரு பங்கு கூட இல்லை!

2 அங்குல அளவில் பார்க்கும் வரை எந்த வேறுபாடும் தெரியாது. 220 என்பது அச்சிடுவதற்கே போதுமான அளவுதான். ஆனால் அதே படத்தைப் பின்னாளில் 6 அங்குலமாகப் பெரிதாக்கினால், அந்த 440 பிக்ஸல்களே 6 அங்குலத்திற்கும் பரவியாக வேண்டும். அங்குலத்திற்கு 73 பிக்ஸல்தான் வரும். படம் மங்குகிறது.

ஆக, எக்ஸெல் உங்கள் போட்டோவைக் காத்து வைப்பதில்லை. நீங்கள் ஷீட்டில் எந்த அளவில் அதனைக் காட்டினீர்களோ, அந்த அளவிற்குத் தேவையானதை மட்டுமே வைத்துக் கொள்கிறது. மற்றவை எல்லாம் இதிலிருந்து வருபவைதான்.

எக்ஸெல் தானாகக் குறைப்பதை நிறுத்த

இதற்கான செட்டிங்ஸ் எக்ஸெல் 2010ல் தொடங்கி, இன்றைய மைக்ரோசாப்ட் 365 வரை ஒரே இடத்தில்தான் உள்ளது. பைல் மெனுவில் கிளிக் செய்து, கீழாக உள்ள "ஆப்ஷன்ஸ்" என்பதனைத் தேர்ந்தெடுக்கவும். கிடைக்கும் விண்டோவின் இடது பக்கத்தில் "அட்வான்ஸ்டு" என்பதில் கிளிக் செய்திடவும். வலது பக்கம் மிக நீண்ட பட்டியல் ஒன்று கிடைக்கும். அதனைக் கீழாக ஸ்குரோல் செய்து சென்றால் "இமேஜ் சைஸ் அண்ட் குவாலிட்டி" என்ற தலைப்பைக் காணலாம்.

இந்தத் தலைப்பின் அருகிலேயே உங்கள் பைலின் பெயர் ஒரு கட்டத்தில் காட்டப்படும். இதனைப் பலர் கவனிப்பதில்லை. இங்கு நீங்கள் செய்கின்ற மாற்றம், அந்த ஒரு பைலுக்கு மட்டுமே பொருந்தும். நேற்று தயாரித்த பைலுக்கோ, நாளை தயாரிக்கப் போகின்ற பைலுக்கோ அது செல்லாது.

தலைப்பின் கீழ் மூன்று விஷயங்கள் உள்ளன. நமக்கு முக்கியமானது "டு நாட் கம்ப்ரஸ் இமேஜஸ் இன் பைல்" என்பதுதான். இதன் முன் உள்ள சிறிய கட்டத்தில் டிக் அடையாளம் ஏற்படுத்தி, ஓகே கிளிக் செய்து வெளியேறவும். இனி இந்த பைலில் இணைக்கும் படங்களை எக்ஸெல் தானாகக் குறைக்காது. இதனை டிக் செய்தால் அதன் கீழ் உள்ள "டிபால்ட் ரெசல்யூஷன்" அமைப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. டிக் செய்யாமல் விடுவதாக இருந்தால், அங்கு தரப்பட்டுள்ள 330, 220, 150, 96 போன்ற அளவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். புதிய பதிப்புகளில் "ஹை பிடலிட்டி" என்றும் ஒன்று இருக்கும். இது படத்தை ஏறத்தாழ அப்படியே விட்டுவிடும் அமைப்பு. மூன்றில் மீதமுள்ள "டிஸ்கார்ட் எடிட்டிங் டேட்டா" என்பது வேறு. எக்ஸெல்லிலேயே படத்தின் நிறம், வெளிச்சம் ஆகியவற்றை மாற்றி இருந்தால், மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டு வருவதற்கான தகவல்களை வைத்துக் கொள்ளவா, நீக்கவா என்பதற்கானது. இதில் டிக் இல்லாமல் இருப்பது நல்லது.

இந்த வேலையை எப்போது செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம். படம் இணைத்து, சேவ் செய்து முடித்த பின்னர் டிக் அடையாளம் வைத்துப் பயனில்லை. நீக்கப்பட்ட பிக்ஸல்களை எக்ஸெல் திரும்பக் கொண்டு வர முடியாது. எனவே புதிய பைல் திறந்தவுடன், முதல் படத்தை இணைக்கும் முன்பாகவே இதனைச் செய்திட வேண்டும். மைக்ரோசாப்ட் 365 பயன்படுத்தி, பைலை ஒன் டிரைவில் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். அங்கு "ஆட்டோ சேவ்" இயங்கிக் கொண்டிருப்பதால், நீங்கள் சேவ் பட்டனைத் தொடாமலேயே பைல் சேவ் ஆகிக் கொண்டிருக்கும்.

ஒவ்வொரு முறையும் ஆப்ஷன்ஸ் வரை செல்வது அலுப்பாக இருந்தால், காலியான ஒர்க்புக் ஒன்றில் இந்த அமைப்பை ஏற்படுத்தி "படப் பட்டியல் காலி" என்பது போன்ற பெயரில் சேவ் செய்து வைத்துக் கொள்ளுங்கள். இந்த அமைப்பு பைலுடனேயே சேர்ந்து சேவ் ஆகிறது. அடுத்த முறை அந்த பைலைக் காப்பி எடுத்துப் பயன்படுத்தினால் போதும்.

இன்னும் எக்ஸெல் 2007 வைத்திருப்பவர்கள் ஆப்ஷன்ஸ் பகுதியில் இதனைத் தேட வேண்டாம். அதில் படத்தைத் தேர்ந்தெடுத்து, "பார்மட்" டேபில் உள்ள "கம்ப்ரஸ் பிக்சர்ஸ்" என்பதில் கிளிக் செய்து, கிடைக்கும் சிறிய விண்டோவில் "ஆப்ஷன்ஸ்" பட்டனை அழுத்தினால், சேவ் செய்கையில் தானாகக் குறைக்கும்படி ஒரு டிக் இருக்கும். அதனை எடுத்துவிடவும்.

பைல் பெரிதாகிவிட்டால்?

படங்களைக் குறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இனி பைல் பெருக்கும். ஒரு போட்டோ 4 எம்.பி. என்று வைத்துக் கொண்டாலும், 40 சேலைகளுக்கு 160 எம்.பி. ஆகிவிடும். பைல் திறக்கவே நேரம் எடுக்கும். மெயிலில் அனுப்பவும் முடியாது. ஜிமெயிலில் ஒரு கடிதத்துடன் இணைக்கக் கூடிய பைல்களின் மொத்த அளவு 25 எம்.பி. மட்டுமே.

"ஜிப் செய்து அனுப்பலாமே" என்று சிலர் கேட்கலாம். பயன் இராது. ஜேபெக் படங்கள் ஏற்கனவே சுருக்கப்பட்டவை. அது மட்டுமல்லாமல், இன்றைய எக்ஸெல் பைலே உண்மையில் ஒரு ஜிப் பைல்தான். இது பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இது போன்ற நேரங்களில், பைலின் காப்பி ஒன்றை எடுத்து, அந்தக் காப்பியில் மட்டும் படங்களைக் குறைக்க வேண்டும். "சேவ் அஸ்" கொடுத்து வேறு ஒரு பெயரில் பைலை சேவ் செய்திடவும். பின்னர் ஏதேனும் ஒரு படத்தின் மீது கிளிக் செய்திடவும். மேலே ரிப்பனில் "பிக்சர் பார்மட்" என்ற டேப் தோன்றும். படத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் இந்த டேப் வரும். சற்றுப் பழைய பதிப்புகளில் "பிக்சர் டூல்ஸ்" என்பதன் கீழ் "பார்மட்" என்று இருக்கும். இதில் இடது ஓரமாக "கம்ப்ரஸ் பிக்சர்ஸ்" என்பதில் கிளிக் செய்தால், டயலாக் பாக்ஸ் ஒன்று கிடைக்கும்.

இதில் முதல் வரி "அப்ளை ஒன்லி டு திஸ் பிக்சர்". இதில் டிக் இருந்தால், நீங்கள் கிளிக் செய்த ஒரு படம் மட்டுமே குறைக்கப்படும். பைலில் உள்ள எல்லாப் படங்களையும் குறைக்க வேண்டும் என்றால் டிக் அடையாளத்தை எடுத்துவிட வேண்டும். "கம்ப்ரஸ் செய்தும் பைல் சைஸ் குறையவில்லையே" என்று குழம்புபவர்களில் பெரும்பாலோர் இந்த டிக்கை எடுக்காதவர்கள்தான்.

அதன் கீழ் ரெசல்யூஷன் தேர்ந்தெடுக்கும் பகுதி. அச்சிட்டுக் கொடுக்கப் போகின்ற பட்டியல் என்றால் 220. திரையில் மட்டும் பார்ப்பதற்கு என்றால் 150. மெயிலுக்கு என 96 தரப்பட்டுள்ளது. இதனை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2 அங்குலப் படத்தில் 192 பிக்ஸல் அகலம்தான் மிஞ்சும். சேலை சிவப்பா பச்சையா என்று சொல்லலாம். பட்டா பருத்தியா என்று சொல்ல முடியாது. இவற்றில் சில வரிகள் மங்கலாக, கிளிக் செய்ய முடியாதபடி இருந்தால், உங்கள் படத்தில் ஏற்கனவே அந்த அளவிற்குப் பிக்ஸல்கள் இல்லை என்று பொருள்.

இங்கு முதலில் சொன்ன கணக்கை மறந்துவிட வேண்டாம். குறைப்பது, படம் ஷீட்டில் இப்போது இருக்கும் அளவை வைத்துத்தான். எனவே கம்ப்ரஸ் செய்வதற்கு முன், பெரிதாகப் பார்க்க வேண்டிய படங்களை, எந்த அளவில் பார்க்க வேண்டுமோ அந்த அளவிற்கு இழுத்து வைத்துவிடவும். வாரண்டி பில் போல எழுத்துக்களைப் படிக்க வேண்டிய படங்களைத் தனி ஷீட்டில், பக்கத்திற்கு ஒன்றாகப் பெரிய அளவில் வைப்பது நல்லது.

வெட்டிய பகுதி எங்கே போகிறது?

அதே டயலாக் பாக்ஸில் "டெலீட் கிராப்ட் ஏரியாஸ் ஆப் பிக்சர்ஸ்" என்று ஒரு வரி உள்ளது. இது படத்தின் தரம் பற்றியது மட்டுமல்ல. உங்கள் சொந்தத் தகவல்கள் வெளியே செல்வது பற்றியது என்பதால் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

எக்ஸெல்லில் "கிராப்" டூல் மூலம் ஒரு படத்தின் ஓரங்களை வெட்டும்போது, அந்தப் பகுதிகள் உண்மையில் நீக்கப்படுவதில்லை. திரை போட்டு மறைக்கப்படுகின்றன, அவ்வளவுதான். பட்டியலைப் பெற்றவர் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்து மீண்டும் கிராப் கிளிக் செய்தால், நீங்கள் வெட்டிய பகுதி முழுவதும் தெரியும். அவர் இழுத்துப் பழையபடி விரித்துவிடலாம்.

பார்சல் ஒன்றைப் போட்டோ எடுத்து, வாங்கியவரின் முகவரியும் போன் எண்ணும் இருந்த பகுதியை வெட்டிவிட்டு, பட்டியலில் வைத்து நூறு பேருக்கு அனுப்பினால், அந்த முகவரியும் நூறு பேருக்குச் செல்கிறது. பில்லின் கீழ்ப்பகுதியில் இருக்கும் உங்கள் போன் எண், ஸ்கேன் செய்த அடையாள அட்டையின் எண் எல்லாம் இதே கதைதான். படத்தின் மேல் கறுப்புக் கட்டம் ஒன்றை வரைந்து மறைப்பதும் இதே போன்றதுதான். கட்டத்தை நகர்த்தினால் கீழே இருப்பது தெரிந்துவிடும்.

எனவே மற்றவருக்கு அனுப்பும் பைலில் இந்த வரியில் டிக் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து, அது எல்லாப் படங்களுக்கும் பொருந்தும்படி செய்து, ஓகே கொடுத்து சேவ் செய்திடவும். இதனைவிடப் பாதுகாப்பான வழி, பெயிண்ட் போன்ற புரோகிராமில் முன்னரே வெட்டி, தனிப் பைலாக சேவ் செய்து, அதனை எக்ஸெல்லில் இணைப்பது. முகவரி, அடையாள எண் போன்றவை உள்ள படங்களுக்கு நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன்.

உள்ளே திறந்து பார்க்கலாம்

எக்ஸெல் பைல் ஒரு ஜிப் பைல் என்று சொன்னேன் அல்லவா? ஆபீஸ் 2007ல் தொடங்கி, எக்ஸெல் பைலின் துணைப் பெயர் எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். என நான்கு எழுத்துக்களாக மாறியது. இந்த வகைப் பைல், பல சிறிய பைல்களை ஒன்றாகச் சுருட்டிக் கட்டிய மூட்டைதான். மூட்டையை அவிழ்த்தால், படங்கள் உண்மையில் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை நம் கண்ணாலேயே பார்க்கலாம்.

முதலில் பைலை காப்பி எடுத்துக் கொள்ளவும். ஒரிஜினலில் இந்த வேலையைச் செய்திட வேண்டாம். பைலின் துணைப் பெயர் தெரியவில்லை என்றால், விண்டோஸ் 11ல் பைல் எக்ஸ்புளோரரில் "வியூ", அதில் "ஷோ", அதில் "பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்று செல்லவும். விண்டோஸ் 10ல் "வியூ" டேபிலேயே இது இருக்கும். இனி காப்பி பைலின் பெயரில் ரைட் கிளிக் செய்து, ரீநேம் தேர்ந்தெடுத்து, கடைசியில் உள்ள நான்கு எழுத்துக்களை நீக்கி, அங்கு ஜிப் என ஆங்கிலத்தில் டைப் செய்திடவும். விண்டோஸ் எச்சரிக்கை ஒன்றைக் காட்டும். "யெஸ்" கொடுக்கவும். பைலைத் திறந்தால் சில போல்டர்கள் தெரியும். எக்ஸ்.எல். என்று இரண்டே எழுத்துக்களில் பெயர் உள்ள போல்டரைத் திறந்து, அதனுள் "மீடியா" என்ற போல்டரைத் திறந்தால், நீங்கள் இணைத்த படங்கள் எல்லாம் இமேஜ்1, இமேஜ்2 என வரிசையாக இருக்கும்.

ஏதேனும் ஒரு படத்தை டெஸ்க்டாப்பிற்கு காப்பி செய்து, ரைட் கிளிக் செய்து, "பிராப்பர்ட்டீஸ்" தேர்ந்தெடுத்து, "டீடெய்ல்ஸ்" டேபில் பார்த்தால் பிக்ஸல் அளவு தெரியும். 4000 × 3000 என்று இருந்தால் படம் குறையாமல் உள்ளது. 440 × 330 என்று இருந்தால் எக்ஸெல் தன் வேலையைக் காட்டிவிட்டது. வெட்டி எறிந்ததாக நீங்கள் நினைத்த ஓரங்கள் இங்கு முழுப் படமாகத் தெரிந்தால், முன் சொன்ன டிக்கை வைக்க மறந்துவிட்டீர்கள்.

பழைய மூன்றெழுத்து எக்ஸ்.எல்.எஸ். பைல்களையும், திறப்பதற்குப் பாஸ்வேர்ட் வைத்த பைல்களையும் இப்படித் திறக்க முடியாது.

இணைக்கும் விதத்திலும் கவனம் தேவை

போட்டோவை பெயிண்ட் புரோகிராமில் திறந்து, காப்பி செய்து, எக்ஸெல்லில் கண்ட்ரோல் + வி அழுத்தி ஒட்டுவது பலரின் பழக்கம். இப்படி ஒட்டினால், ஜேபெக் ஆக இருந்த படம் பெரும்பாலும் பி.என்.ஜி. வகையாக மாறி உட்காரும். தரம் குறையாது, ஆனால் போட்டோக்களுக்கு பி.என்.ஜி. மிக அதிக இடம் எடுக்கும். எனவே போட்டோக்களை இன்சர்ட் டேபில் "பிக்சர்ஸ்" கிளிக் செய்து, பைலாகவே இணைப்பது சரியான வழி. திரையில் தெரியும் பில், டேபிள் போன்றவற்றை ஸ்கிரீன் ஷாட் எடுத்து இணைப்பதற்கு மட்டும் பி.என்.ஜி. நல்லது. எழுத்துக்களின் ஓரம் பிசிறில்லாமல் இருக்கும்.

இன்னொன்று. வாட்ஸ் அப்பில் வந்த போட்டோ, உங்கள் கைக்கு வரும் முன்பே குறைக்கப்பட்டிருக்கலாம். அதன் பின் எக்ஸெல்லில் எந்த அமைப்பை மாற்றினாலும் பயனில்லை. நெசவாளரோ, மொத்த வியாபாரியோ சேலைப் படம் அனுப்புவதாக இருந்தால், போட்டோவாக அனுப்பாமல் "டாகுமெண்ட்" ஆக அனுப்பச் சொல்லிக் கேட்டுக் கொள்ளுங்கள். அப்போது பைல் மாறாமல் வரும்.

பட்டியலை வடிகட்டும்போது, அதாவது பில்டர் செய்கையில், படங்களும் அந்தந்த வரிசையுடன் மறைய வேண்டும் என்பதற்காகச் சிலர் படத்தின் பிராப்பர்ட்டீஸில் "மூவ் அண்ட் சைஸ் வித் செல்ஸ்" அமைப்பைத் தேர்ந்தெடுப்பார்கள். நல்ல வசதிதான். ஆனால் அதன் பின் நெட்டு வரிசையின் அகலத்தை மாற்றினால் படமும் சேர்ந்து நீண்டு, ஆட்கள் குண்டாகவும் சேலைக் கட்டங்கள் சப்பையாகவும் தெரியும். அகலத்தை எல்லாம் சரி செய்து முடித்த பின்னர் இதனைத் தேர்ந்தெடுக்கவும்.

சிறிய படம், பக்கத்தில் ஒரிஜினல்

நீண்ட காலம் வைத்திருக்கப் போகும் பட்டியல்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. பட்டியல் பைலையும், ஒரிஜினல் போட்டோக்கள் உள்ள போல்டரையும் ஒரே போல்டருக்குள் வைக்கவும். போட்டோ பைல்களுக்கு சேலை எண்ணையோ, பில் எண்ணையோ பெயராகக் கொடுக்கவும். ஷீட்டில் சிறிய படத்தை மட்டும் வைக்கவும். எக்ஸெல் அதனைக் குறைத்தாலும் கவலை இல்லை. பின்னர் அந்தச் சிறிய படத்தைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் + கே அழுத்தவும். கிடைக்கும் விண்டோவில் அதன் ஒரிஜினல் பைலைத் தேடிக் காட்டி, ஓகே கொடுக்கவும். இனி சிறிய படத்தில் கிளிக் செய்தால், முழுப் போட்டோவும் தனியே திறக்கும். எக்ஸெல் பைல் சிறியதாக இருக்கும், படமும் குறையாது. பென் டிரைவில் எடுத்துச் செல்வதாக இருந்தால், பைலை மட்டும் எடுக்காமல் போல்டரையே முழுமையாக காப்பி செய்திட வேண்டும். இல்லை என்றால் லிங்க் வேலை செய்யாது.

படத்தை இணைக்கும்போது, "இன்சர்ட்" பட்டனின் பக்கத்தில் உள்ள சிறிய அம்புக்குறியை அழுத்தினால் "லிங்க் டு பைல்" என்றும் ஒரு வழி கிடைக்கும். படம் பைலுக்குள் வராமல் வெளியிலிருந்தே காட்டப்படும். ஒரே கம்ப்யூட்டரில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இது சரி. மற்றவருக்கு அனுப்பினால், படம் இருந்த இடத்தில் அதனைக் காட்ட இயலவில்லை என்ற செய்திதான் அவருக்குக் கிடைக்கும்.

லிப்ரே ஆபீஸ் பயன்படுத்துவோருக்கு

இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமில், படத்தின் மீது ரைட் கிளிக் செய்து "கம்ப்ரஸ்" தேர்ந்தெடுத்தால், ஜேபெக் தரத்தையும் ரெசல்யூஷனையும் தனித்தனியே அமைக்கலாம். ஒவ்வொரு படமாகச் செய்ய வேண்டும் என்பது மட்டுமே குறை. பட்டியலை பி.டி.எப். ஆக மாற்றுகையில், எக்ஸ்போர்ட் விண்டோவில் ஜேபெக் தரம் 90 சதவீதம் என்றும், ரெசல்யூஷன் 300 என்றும் முன்னரே அமைக்கப்பட்டிருக்கும். வீட்டு உபயோகத்திற்கு இதனை மாற்ற வேண்டிய தேவை இல்லை.

எக்ஸெல்லில் பி.டி.எப். ஆக சேவ் செய்பவர்கள், அங்கு "ஸ்டாண்டர்ட்", "மினிமம் சைஸ்" என இரண்டு பிரிவுகள் இருப்பதைக் கவனிக்கவும். படங்கள் உள்ள பட்டியலுக்கு ஸ்டாண்டர்ட் தேர்ந்தெடுக்கவும். அச்சில் படங்களே வரவில்லை என்றால், பேஜ் செட் அப் விண்டோவில் "ஷீட்" டேபில் "டிராப்ட் குவாலிட்டி" என்பதில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிடவும்.

ஏற்கனவே மங்கிவிட்ட படம் என்றால், பைல் ஒன் டிரைவில் இருந்தால், பைல் மெனுவில் "இன்போ" பிரிவில் "வெர்ஷன் ஹிஸ்டரி" மூலம் பழைய பதிப்பைத் திறந்து பார்க்கலாம். சில வேளைகளில் அதில் படம் முழுமையாகக் கிடைக்கும். போனில் அழித்தது அண்மையில் என்றால் இன்றே தேடுங்கள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆகி இருந்த போட்டோவை அழித்தால், அது அங்குள்ள டிராஷ் பகுதியில் 60 நாட்கள் வரை இருக்கும். ஐபோனில் "ரீசண்ட்லி டெலீட்டட்" ஆல்பத்தில் 30 நாட்கள் இருக்கும்.